சுக்கூர் பாய் உடைத்த பாட்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கல்யாணத்தில் தாலி முக்கியமில்லை, சாப்பாடு முக்கியமில்லை, மாப்பிள்ளைகூட முக்கியமில்லை. குழாய் ஸ்பீக்கரில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதுதான் முக்கியம். முன்பெல்லாம் மைக் செட்டுக்காரன் எதைப் போட்டானோ அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இப்போது கை கழுவப் போகிறவன்கூட ஈரக் கையோடு வந்து, அதைப் போடு, இதைப் போடு என்று சட்டம் பேசுகிறான். காசு கொடுத்துவிட்டால் மைக் செட்டுக்காரன் காதையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துவிட்டதாக நினைப்பு.

ஐம்பத்தெட்டாம் வருஷம், பாலக்கரையில் ஒரு கல்யாணப் பந்தலில், ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த அப்துல் சுக்கூர் இப்படித்தான் கொதித்துக்கொண்டிருந்தார். எதிரே பெண்ணின் அப்பா நின்றார். அவர் பின்னால் கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேர் நின்றார்கள்.

"பாய், நம்ம சகாயநாதன் பாட்டப் போடுங்க."

"அந்த பிளேட்டு எங்கிட்ட இல்லீங்க."

"என்ன பாய், உங்க சேக்காளி மியூசிக் போட்ட பாட்டு, உங்ககிட்ட இல்லையா?"

சேக்காளி என்ற வார்த்தையைக் கேட்டதும் சுக்கூர் பாய்க்கு வாயில் இருந்த வெற்றிலை கசந்தது.

கதை அதுதான். திருச்சியில் ஒரு நாடகக் கம்பெனியில் சுக்கூர் ஆர்மோனியம், சகாயநாதன் கிளாரினெட். இரண்டு பேரும் ஒரே ரயிலில் மெட்ராசுக்குப் போனார்கள். ஸ்டூடியோவில் ஒரு பெரிய மனுஷர் இரண்டு பேரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி இருக்கட்டும், நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்க" என்று சுக்கூரிடம் சொன்னார். போயிட்டு வாங்க என்றாரே தவிர எப்போது வரவேண்டும் என்று சொல்லவில்லை. சுக்கூரின் ஆர்மோனியம் அன்றைக்கு ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்தது. துருத்தியில் ஓட்டை. ஓட்டையைப் போட்டது சகாயநாதன்தான் என்பதில் சுக்கூர் பாய்க்குச் சந்தேகமே கிடையாது.

"எலி கடிச்சதுங்க அது. பல்லுத் தடம்கூட இருக்கு" என்பாள் அவர் மனைவி கமருன்னிசா.

"எலிக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்பார் இவர்.

ஊருக்குத் திரும்பி பெரிய கடைவீதிக்குப் பக்கத்துச் சந்தில் மைக் செட் கடை போட்டார். சகாயநாதனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "பாருங்க, ஒரு நாளைக்குப் பெட்டியத் தூக்கிட்டு இதே ஜங்ஷன்ல வந்து எறங்குவான். எறங்கினா நான் விட்டுட மாட்டேன். நம்ம கடையில குழாய் கட்டற வேலை போட்டுக் குடுப்பேன். தென்னமரத்து மேல ஏத்தி, கீழே நின்னு, 'இன்னும் கொஞ்சம் திருப்பிக் கட்டுப்பா'ன்னு சொல்லுவேன்."

தினமும் தூங்கப் போகும்போது அந்தத் தென்னை மரத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்துக்கொள்வார். நன்றாகத் தூக்கம் வரும்.

சகாயநாதன் வரவில்லை. அவன் மியூசிக் போட்ட முதல் படம்தான் வந்தது. திருச்சியில் ஒரு வாரத்தில் தூக்கிவிட்டார்கள். அந்த வாரம் சுக்கூர் பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இந்த ஊர்ல தூக்குனா என்ன பாய்?" என்றார் பெண்ணின் அப்பா. அவர் சகாயநாதனுக்குத் தாய்மாமன். "மெட்ராஸ்ல நூறு நாள் ஓடிக்கிட்டு இருக்கு. தியேட்டர்ல தோரணம் கட்டியிருக்கானாம்!"

சுக்கூர் பாய் யாரையும் நம்பாதவர். பால்காரரை நம்பமாட்டார், பஸ் கண்டக்டரை நம்பமாட்டார், பிறை தெரிந்தது என்று பத்துப் பேர் சொன்னாலும் தானே மாடிக்குப் போய்ப் பார்ப்பார். ஆனால் இதை மட்டும் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டார். வயிறு எரிகிற விஷயமென்றால் அதற்குச் சாட்சி தேவைப்படுவதில்லை.

"பிளேட்டு இல்லேன்னா என்ன, எங்கிட்ட இருக்கு" என்று மாமன்காரர் உள்ளே போய்ப் பட்டுத் துணியில் சுற்றி ஒரு ரிக்கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சுக்கூர் பாய் இரண்டு கையாலும் வாங்கினார். அப்புறம் இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

அந்தக் காலத்து ரிக்கார்டு அரக்கு மாதிரி. விழுந்தால் அப்பளம்தான்.

"கை வழுக்கிடுச்சுங்க. பந்தல்ல எண்ணெய்ப் பிசுக்கு."

பெண்ணின் அம்மா அபசகுனம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு இளவட்டங்கள் சட்டைக் கையை மடித்தார்கள். சுக்கூர் பாய்க்கு வேறு வழி தெரியவில்லை. சைக்கிளை மிதித்து மெயின்கார்டு கேட் போய், ரிக்கார்டுக் கடை அழகியமணவாளனிடம் அதே பாட்டு பிளேட்டு இரண்டு வாங்கிவந்தார். ஒன்று கல்யாண வீட்டுக்கு. இன்னொன்று, "இனிமே உங்க செட்டுலயும் ஒண்ணு இருக்கணும் பாய்" என்று இளவட்டங்கள் சொன்னதற்காக.

அன்றைக்குப் பந்தலில் அந்தப் பாட்டுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

'கொள்ளிடக் கரையிலே குடை பிடிச்சுப் போறவனே, திரும்பி வா…'

"மொதலாளி, பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றான் வள்ளிக்கண்ணு. குழாய் கட்டுகிற ஆள். நாற்பது வயசு, வாய் மட்டும் நிற்காது.

"ஒயரப் பாருடா."

சனியன் அத்தோடு விடவில்லை. பாலக்கரைக்காரர்கள் ஊரெல்லாம் போய், சுக்கூர் பாய் செட்டில் அந்த பிளேட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். போகிற இடமெல்லாம் அதைக் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல முடியவில்லை. சரி, கேட்டவனே இனிமேல் கேட்காத மாதிரி செய்துவிடுவோம் என்று ஒரு யோசனை பண்ணினார். குண்டூசியை எடுத்து, பிளேட்டின் மேல் ஒரு இடத்தில் நறுக்கென்று ஒரு கோடு இழுத்தார். ஓடுகிற முள் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். சொன்னதையே சொல்லிக்கொண்டு கிடக்கும். கேட்கிறவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான்.

அடுத்த முகூர்த்தம் தையில், ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில். பெண் வீட்டுக்காரர் வேதாந்தம் ஒரு ஸ்கூல் வாத்தியார். காலையில் காசி யாத்திரை. மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டி, கண்ணுக்கு மை இட்டு, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் விசிறியுமாக, சம்சாரம் வேண்டாம் காசிக்குப் போகிறேன் என்று தெருவில் கிளம்பினார். பெண்ணைப் பெற்றவர் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டிவர வேண்டும். நாயனக்காரர் வாசித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்த நேரம். மாப்பிள்ளையின் தங்கை மரகதவல்லி ஓடிவந்தாள்.

"மாமா, அந்தக் கொள்ளிடக் கரைப் பாட்டு இருக்கா?"

"இருக்கும்மா, இருக்கு. தாராளமா" என்று சுக்கூர் பாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வள்ளிக்கண்ணுவுக்கே பயமாக இருந்தது. முதலாளி சிரித்து அவன் பார்த்ததில்லை.

முள்ளை வைத்தார். பாட்டு கிளம்பியது. மாப்பிள்ளையும் குடையும் தெருக்கோடியை நெருங்கினார்கள்.

'குடை பிடிச்சுப் போறவனே, திரும்பி வா… திரும்பி வா… திரும்பி வா… திரும்பி வா…'

தெருவே திரும்பிப் பார்த்தது. அப்புறம் சிரித்தது பாருங்கள், கோபுரத்துப் புறாவெல்லாம் எழும்பிவிட்டது. மாப்பிள்ளை குடைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சமாதானம் சொல்ல ஓடிய வேதாந்தம் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். குழாய் விடவில்லை. திரும்பி வா, திரும்பி வா என்று கெஞ்சியது. மாப்பிள்ளை கடைசியில் குடையை மடக்கிக் கையெடுத்துக் கும்பிட்டு, "வந்துட்டேன், நிறுத்தச் சொல்லுங்கோ!" என்றார்.

வேதாந்தம் நேரே சுக்கூர் பாயிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய், என்ன சாமர்த்தியம்! சரியா அந்த இடத்துல நிறுத்தினீரே! அடியேன் ஆத்துக் கல்யாணத்தை இந்த ஊர் மறக்காது!"

"அது வந்துங்க சாமி, பிளேட்டு கொஞ்சம்…"

"மூச்! வித்தையைச் சொல்லப்படாது."

அந்தத் தையிலிருந்து ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் காசி யாத்திரைக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்றார்கள். அதுவும் மாட்டிக்கொள்கிற பிளேட்டாக இருக்க வேண்டும். மற்ற மைக் செட்டுக்காரர்கள் அழகியமணவாளன் கடையில் பிளேட்டு வாங்கி, குண்டூசியால் கோடு இழுக்கப் பழகினார்கள். சரியான இடத்தில் இழுக்கத் தெரியாமல் பாழாக்கிவிட்டு மறுபடி வாங்கினார்கள்.

சுக்கூர் பாய் வீட்டுக்கு வந்தால் கமருன்னிசா அம்மிக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, "குடை பிடிச்சுப் போறவனே" என்று அரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ கமரு! வீட்டுக்குள்ளயுமா?"

"வாய் தானா பாடுதுங்க. நான் என்ன பண்ணட்டும்? இவ்வளவு பொறாமையா ஒரு மனுஷனுக்கு? சோத்துல உப்பே வேணாம் போல இருக்கு, நீங்க எரியறது போதும்."

"பொறாமையா? எனக்கா? அவன் மேலயா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அன்று தென்னை மரத்தை நினைத்துப் பார்த்தார். மரத்தின் மேல் யாருமே இல்லை.

மறுநாள் கடை திறந்ததும் அழகியமணவாளன் முன்னால் போய் நின்றார்.

"சாமி, அந்தப் பாட்டு பிளேட்டு எவ்வளவு இருக்கு?"

"ஒரு பெட்டி இருக்கு பாய். ஏன் கேக்கறேள்?"

"அத்தனையும் கட்டுங்க."

அழகியமணவாளன் நாமத்துக்கு மேலே புருவம் ஏறியது. "அத்தனையுமா? எதுக்கு பாய்?"

"பிரியம் சாமி. வேற என்ன? சேக்காளி பாட்டு, கண்டவன் கையில போயி அவஸ்தைப்படக் கூடாது."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்று சுக்கூர் பாய் நினைத்தார். கடையில் பிளேட்டு இல்லை என்றால் ஊரில் பாட்டு இல்லை. பெட்டியைச் சைக்கிளில் கட்டிக் காவேரிப் பாலத்துக்குப் போனார். கைப்பிடிச் சுவருக்கு வெளியே தலைகுப்புறக் கவிழ்த்தார். கவிழ்த்த வேகத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

தண்ணீரில் விழுந்த சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தார். சித்திரை மாசக் காவேரி. எதிர்க்கரை ஓரமாக ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்குக் கீழே மெத்தை மாதிரி மணல். பெட்டி பிளந்து, சில பிளேட்டு உடைந்து, மீதியெல்லாம் மணலில் சொருகிக்கொண்டு வெயிலில் மினுமினுத்தன.

"ஏ, மேலேருந்து பிளேட்டு விழுதுடா!" என்று துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். குளிக்க வந்தவர்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தர் கையெடுத்து மேலே பார்த்து, "இன்னும் இருந்தா போடுங்க சாமி!" என்று கத்தினார்.

அந்த வாரத்தில் கிராமபோன் பெட்டி இல்லாத வீட்டில்கூட அந்த பிளேட்டு இருந்தது. பெட்டி இருந்த வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போடச் சொல்லிக் கேட்டார்கள். கிடைக்காதவர்கள் அழகியமணவாளன் கடைக்கு ஓடினார்கள். அங்கே சுக்கூர் பாய் புண்ணியத்தில் ஒன்றுகூட இல்லை. கிடைக்காத சாமானுக்குத்தானே இந்தக் காலத்தில் கிராக்கி. அழகியமணவாளன் மெட்ராசுக்குத் தந்தி கொடுத்து இன்னும் பெட்டி பெட்டியாக வரவழைத்தார்.

சுக்கூர் பாய் அதையும் வாங்கினார். இந்தத் தடவை ஆற்றை நம்பவில்லை. கொல்லையில் போட்டு உலக்கையால் இடித்தார். துறையூரில் ஒரு கடையில் விற்கிறது என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப்போய் அங்கேயும் துடைத்து வாங்கிவந்து இடித்தார். கடை வருமானமெல்லாம் உரலுக்குள் போனது.

"அண்ணி, மொதலாளி கொல்லையில என்ன பண்றாரு?" என்று வள்ளிக்கண்ணு கேட்டான்.

"ஒங்க மொதலாளி பாட்டு இடிக்கிறாரு" என்றாள் கமருன்னிசா. ஒன்றை மட்டும் அவள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது சுக்கூர் பாய்க்குத் தெரியாது.

இவ்வளவு செய்தும் என்ன? சகாயநாதனுக்கு இரண்டாவது படம் வந்தது. அது நிஜமாகவே ஓடு ஓடென்று ஓடியது. மூன்றாவதுக்கு சிலோன் ரேடியோவில் விடிந்தால் அவன் பாட்டு, பொழுது அடைந்தால் அவன் பாட்டு. மெட்ராஸில் வீடு, கார். மற்ற மியூசிக் டைரக்டர்களெல்லாம் அவன் மாதிரி கிளாரினெட்டை முன்னால் வைத்து மெட்டுப் போட ஆரம்பித்தார்கள். சுக்கூர் பாய்க்கு இடிக்கக் கை போதவில்லை, விட்டுவிட்டார்.

அறுபத்திரண்டில் சகாயநாதனுக்குப் பாலக்கரையில் பாராட்டு விழா வைத்தார்கள். மைக் செட்? வேறு யாருக்குக் கொடுப்பார்கள், சேக்காளி இருக்கும்போது!

சுக்கூர் பாய் ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். அவன் பேசும்போது மைக்கை அணைக்க வேண்டும்.

சகாயநாதன் மேடை ஏறினான். பட்டுச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. ஆள் கொஞ்சம் பெருத்திருந்தான். "என் ஊருக்காரங்களுக்கும், என்னோட ஒரே ரயில்ல வந்த சுக்கூர் அண்ணனுக்கும்…" என்று ஆரம்பித்தான்.

என்னோட ஒரே ரயிலாம். குத்திக் காட்டுகிறான். சுக்கூர் பாய் திருகாணியைத் திருகினார். குழாய் செத்தது.

கூட்டம் சலசலத்தது. சகாயநாதன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் இருந்த கிளாரினெட்டை எடுத்து, மைக் இல்லாமலே மேடை நுனிக்கு வந்து நின்று அந்தக் கொள்ளிடக் கரைப் பாட்டை வாசித்தான். குழந்தைகூட அழவில்லை. மைதானத்துக் கடைசி ஆள் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் அடித்த கைதட்டலுக்கு ஆம்ப்ளிபயரே தேவைப்படவில்லை.

"கரெக்டா அந்த எடத்துல மைக்க நிறுத்தினீங்களே மொதலாளி" என்று வள்ளிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உங்க மனசு யாருக்கு வரும்!"

கூட்டம் கலைந்து, சுக்கூர் பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது அழகியமணவாளன் வேர்த்து விறுவிறுக்க வந்தார். கூடவே கோட்டுப் போட்ட ஒருத்தர். மெட்ராஸ் ரிக்கார்டு கம்பெனியில் விற்பனை பார்ப்பவர், பெயர் விக்டர்.

"சார், நான் சொல்வேனே, அந்த மகானுபாவர் இவர்தான். பாய், உங்களைப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார்."

விக்டர் சுக்கூர் பாய் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதானா அது! ஒத்த ஆளா அத்தனை பிளேட்டு வாங்கினவர்!"

"அதுக்கு என்ன இப்போ?" என்று சுக்கூர் பாய் கையை உருவிக்கொண்டார்.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? அந்த மொதப் படம் எந்த ஊர்லயும் நிக்கல. பிளேட்டு ஒரு ஊர்லயும் போகல. திருச்சியில மட்டும் பெட்டி பெட்டியாப் போகுது! எங்க மொதலாளி அசந்துட்டாரு. 'ஒரு ஊரே பைத்தியமா அலையுதுன்னா இவன்கிட்ட ஏதோ இருக்கு'ன்னு படக்கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னாரு. அப்புறம்தான் ரெண்டாவது படம்."

சுக்கூர் பாய் ஒயரைக் கீழே போட்டார். "மெட்ராஸ்ல நூறு நாள் ஓடிச்சே?"

"யாரு சொன்னது? மூணாம் நாளே படப் பொட்டி திரும்பிடுச்சு."

சுக்கூர் பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டுப் போட்டவன். சாமான் விற்கிறவன். சகாயநாதனிடம் சம்பளம் வாங்காத குறை. தாய்மாமனுக்குத் தெரியாதது இவனுக்கு எப்படித் தெரியும்?

"வள்ளிக்கண்ணு, நீ குழாயக் கழட்டு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

விக்டர் விடவில்லை. பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார்: "நம்புங்க பாய்! உங்க திருச்சி ஆர்டர் வந்த அன்னைக்கு சகாயநாதன் சார் எங்க ஆபீஸ்லதான் பெட்டியோட நின்னாரு. 'சினிமா போதும் சார், ஊருக்கே போறேன். சுக்கூர் அண்ணன் மைக் செட் வச்சிருக்காரு, குழாய் கட்டற வேலையாவது போட்டுக் குடுப்பாரு'ன்னு கையில ரயில் டிக்கெட் வச்சுக்கிட்டு!"

சுக்கூர் பாயின் கால் ஒரு நொடி நின்றது. மைதானத்து ஓரத்தில் தென்னை மரம். உச்சியில் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணு, "மொதலாளி, இன்னும் கொஞ்சம் இருந்து ஒயரப் புடிங்க!" என்று கத்தினான்.

"இந்தக் காலத்துல எவன் நெசத்தச் சொல்றான்" என்று சொல்லிவிட்டு, அந்த மரத்தை அண்ணாந்து பார்க்காமல், சுக்கூர் பாய் நடந்தார்.